பழைய பள்ளிக் கட்டடத்தைப் பழுதுபார்ப்பதா, இடித்துக் கட்டுவதா?

பழசு என்றாலே பயப்பட வேண்டாம். 2004-ல் 94 குழந்தைகள் பலியான கும்பகோணம் தீ பரவியது கீற்றுக் கூரையில். சுண்ணாம்புச் சுவரில் அல்ல.

கூரை
பழையது: மெட்ராஸ் டெரஸில் (மர உத்திரங்களின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய தட்டைக் கூரை) முதலில் உளுத்துப்போவது, உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை. ஆணியால் குத்துங்கள், மெத்தென்று இறங்கினால் அந்த உத்திரத்தை மட்டும் மாற்றலாம்.
புதியது: நாகை, வேதாரண்யம் பக்க உப்புக்காற்றுக்குக் கம்பியின் மேல் 20 மி.மீ. கான்கிரீட் போதாது. கலவைக்கு உவர் தண்ணீர் ஊற்றினால் கம்பி துருப்பிடித்து, கூரை பெயர்ந்து பிள்ளைகள் தலையில் விழும்.

சுவர்
பழையது: சிமெண்ட் பூச்சு கூடவே கூடாது. ஈரம் உள்ளேயே தங்கி, பூச்சு பாளம்பாளமாக உதிரும். பதிலாக, நீற்றி ஊறவைத்த சுண்ணாம்பு 1, மணல் 3 என்று கலந்து பூசுங்கள். இந்த வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதுதான் பாடு.
புதியது: ஆள் சுலபம்.

அஸ்திவாரம்
டெல்டா களிமண் மழையில் உப்பும், கோடையில் வெடிக்கும். புதிதாகக் கட்டினால் மண் பரிசோதனை முதலில்.

விரிசல் மேல் கண்ணாடித் துண்டைச் சுண்ணாம்பால் ஒட்டி, ஐப்பசி முதல் சித்திரை வரை பாருங்கள்; விரிசல் இன்னும் விரிந்தால் கண்ணாடி உடையும். உடையவில்லையா? பழுதுபாருங்கள், கழிப்பறையை மட்டும் தனியாகக் கட்டலாம். உடைந்து, சுவரும் சாய்ந்திருந்தால் இடிக்கலாம். தேக்கை மட்டும் ஏலத்தில் விட்டுவிடாதீர்கள், கதவு ஜன்னலுக்கு ஆகும்.