கசட்டிலுள்ள உலோகத்தைப் பிரிக்க: ஆசிட்டா, கந்தகத் தூளா?

வீட்டுச் சாக்கடையோடு முலாம் பூசும் பட்டறைத் தண்ணீரும் கலந்து வருகிற சுத்திகரிப்பு நிலையத்தில் எனக்கு வேலை. அடியில் தங்கும் கசட்டில் தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறையவே உண்டு. ஆனால் துத்தநாகம், தாமிரம், நிக்கல், காட்மியம் எல்லாம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும். மாநகரக் கம்போஸ்டுக்கு நம் உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் வரம்பு, கிலோவுக்கு நிக்கல் 50 மில்லிகிராம், காட்மியம் 5. அதைத் தாண்டிய கசட்டை விவசாயிக்குக் கொடுக்க மனசு வரவில்லை. வயலுக்குப் போய்ச் சேர்ந்த உலோகத்தை யாரால் திரும்ப எடுக்க முடியும்?

பீப்பாயில் இரண்டு வழிகளையும் ஓட்டிப் பார்த்துவிட்டு, கந்தகத்தைப் பிடித்துக்கொண்டோம்.

ஆசிட் வழி எளிது. கந்தக அமிலத்தை ஊற்றிக் கலக்கி, பி.எச். (புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு அதிகம்) ஒன்றரைக்கு இறங்கினால் சில மணி நேரத்தில் உலோகம் கரைந்து தண்ணீருக்கு வந்துவிடும். முதல் தடவை ஊற்றியபோது பீப்பாய் நுரைத்துப் பொங்கித் தரையெல்லாம் வழிந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம், அதாவது ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு. வாயுவைத் தடுக்கும் முகக்கவசம், நல்ல காற்றோட்டம் இல்லாமல் அந்தப் பக்கமே போகக்கூடாது.

கந்தக வழியில், கசட்டில் ஏற்கெனவே வாழும் பாக்டீரியாவே கந்தகத்தைத் தின்று அமிலமாக்குகிறது. ஒரு வாளிக் கசட்டில் கந்தகத் தூளைப் போட்டு, மீன் தொட்டி மோட்டாரால் காற்று ஊதி வைத்தோம். முதலில் ஒரு கூட்டம் பி.எச்.சை ஏழிலிருந்து நாலு வரை இறக்கும். அதன்பின் புளிப்பில் மட்டுமே வளரும் இன்னொரு கூட்டம் இரண்டு வரை கொண்டுபோகும். இரண்டு வாரத்தில் வாளி தயார். பாலுக்கு உறை ஊற்றுவதுபோல அதில் பத்தில் ஒரு பங்கை அடுத்த பீப்பாயில் ஊற்றினால், அது ஒரு வாரத்துக்குள் இறங்கிவிடுகிறது.

எங்களை முடிவெடுக்க வைத்தது வாங்கிப் போடும் சரக்கின் கணக்கு. கசட்டில் 2 சதவீதம் திடப்பொருள் என்றால் 1,000 லிட்டரில் 20 கிலோ. உலர்ந்த கசடு கிலோவுக்கு அரை கிலோ ஆசிட் வைத்தாலும் 10 கிலோ வேண்டும். கசட்டிலுள்ள காரத்தன்மையே பெரும்பங்கை விழுங்கிவிடும். கந்தகம் ஒரு கிலோ முழுக்க மாறினால் சுமார் 3 கிலோ அமிலம். ஆக, 3 கிலோ தூள் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்கிறது. முழுக்க மாறாதுதான். ஆனால் உலோகம் கந்தகத்தோடு சேர்ந்து கரையாமல் கிடக்கும் உலோக சல்ஃபைடையும் பாக்டீரியா உடைத்துவிடுவதால், பி.எச். இரண்டிலேயே துத்தநாகமும் நிக்கலும் நன்றாகக் கரைகின்றன. புளிப்பு குறைவு என்பதால், பிறகு போடும் சுண்ணாம்பும் குறைகிறது. கரைந்த உலோகத்தைச் சுண்ணாம்பால் படியவைத்து அபாயக் கழிவாக அனுப்பும் வேலை மட்டும் இரண்டு வழியிலும் ஒன்றுதான்.

கந்தகத்தில் ஒரு விஷயத்தை அலட்சியமாக விடக்கூடாது. மிச்சமான தூள் கசட்டோடு வயலுக்குப் போனால் அங்கேயும் அமிலமாகி மண்ணைப் புளிக்க வைக்கும். அதனால் இப்போது தூளை விட்டுக் கட்டியாக வாங்கி, வலைப்பையில் கட்டித் தொங்கவிடுகிறோம். வேலை முடிந்ததும் பையைத் தூக்கி அடுத்த பீப்பாயில் போடலாம். கொஞ்சம் மெதுவாக நடக்கிறது, பரவாயில்லை.

நாங்கள் ஓட்டியது முழுக்கக் கோடையில். இந்தப் பாக்டீரியாவுக்கு 30 டிகிரி பக்கம்தான் இஷ்டம், மார்கழியில் வேகம் குறையும் என்றே எதிர்பார்க்கிறேன். ஒரு வாரக் கசட்டைத் தேக்கப் பெரிய தொட்டியும் வேண்டும். இடமே இல்லாத நிலையத்துக்கு ஆசிட்தான் வழி.

ஈயம் அதிகமிருந்தால் கதை வேறு. அது சல்ஃபேட்டாகிக் கரையாமல் கசட்டிலேயே தங்கிவிடும். கந்தக அமிலத்திலும் அதே கதிதான். உலோகத்தைப் பற்றிக்கொண்டு கரைய வைக்கும் ஈ.டி.டி.ஏ. என்ற வேதிப்பொருள் ஈயத்தைப் பிடிக்கும், ஆனால் விலை அதிகம், மண்ணில் எளிதில் சிதையவும் செய்யாது. எங்கள் கசட்டில் ஈயம் குறைவு என்பதால் அந்தப் பக்கம் போக வேண்டியிருக்கவில்லை.