சி-130எச் ஹெர்குலிஸ் கேபின் ஏசி: குளிருக்குக் கெட்டி, வெயிலில் சுமார்

இந்த ராணுவச் சரக்கு விமானத்தில் ஹீட்டர், ஏசி, கேபின் அழுத்தம் மூன்றுக்கும் ஒரே மூலம்தான்: ப்ளீட் காற்று, அதாவது பறக்கும்போது டி56 என்ஜின்களின் 14 அடுக்குக் கம்ப்ரசரிலிருந்து பிரித்தெடுக்கும் அழுத்தமான சூட்டுக் காற்று. காக்பிட்டுக்கு ஒரு பேக் (அந்தக் காற்றைக் குளிர்வித்து அனுப்பும் ஏசி தொகுதி), சரக்குப் பகுதிக்கு ஒரு பேக். ஒன்று படுத்தாலும் மற்றது ஓடும், நல்ல ஏற்பாடு.

சூடாக்குவதில் குறையே சொல்ல முடியாது. வரும் காற்றே 300 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும், கொஞ்சம் கலந்துவிட்டால் போதும். ஆனால் சரக்குப் பகுதி 12 மீட்டர் நீளம். சூடு கூரையோடு நின்றுவிடும், உட்கார்ந்திருப்பவர்களின் கால் விறைக்கும். தரையடி ஹீட்டிங்கையும் சேர்த்தே போடுங்கள்.

குளிர்ச்சிதான் பலவீனம். பறக்கும்போது குளிர்ந்த வெளிக்காற்று, ப்ளீட் காற்றின் சூட்டை வாங்கிக்கொள்ளும் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்குள் தானே பாயும். தரையில் அதை இழுத்துத் தருவது, ப்ளீட் காற்றில் சுழன்று அதைக் குளிர்விக்கும் பேக்கின் டர்பைன் சுழற்றும் விசிறி மட்டுமே. ப்ளீட் அழுத்தம் குறைந்தால் அதுவும் சோர்ந்துவிடும். கண்ணாடி சூழ்ந்த காக்பிட் வெயிலில் வெந்துபோகும். ஆள் ஏறும் முன்பே ஏபியூவை (தரையில் ப்ளீட் காற்று தரும் சிறு துணை என்ஜின்) போட்டுக் குளிரவிடுவது நல்லது.

ஏசி சரியில்லை என்றதும் டர்பைனைக் கழற்ற ஓடாதீர்கள். காற்று சில்லென்று இருந்தும் வேகம் இல்லையென்றால், காற்றிலுள்ள ஈரத்தைப் பிரிக்கும் வாட்டர் செபரேட்டரின் துணிப்பை அடைத்திருக்கும், அல்லது பனி கட்டியிருக்கும். பையைக் கழுவுங்கள், கிழிந்திருந்தால் மாற்றுங்கள். வேகம் இருந்தும் வெதுவெதுப்பு என்றால் டெம்பரேச்சர் கன்ட்ரோல் வால்வு சூட்டுப் பக்கம் சிக்கியிருக்கலாம். ஆட்டோவை விட்டு மேனுவலில் 'கூல்' பக்கம் பிடித்துப் பாருங்கள். வால்வு மெதுவாகத்தான் நகரும், அவசரப்படக் கூடாது. மேனுவலில் சரியாக இயங்கினால் சந்தேகம் சென்சார் மேல்தான். அதன் வலையில் தூசி படிந்தாலே வெப்பம் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். மேலே சுமாராகக் குளிர்ந்து, தரையில் அடியோடு படுத்துவிடுகிற பேக் என்றால்தான் டர்பைன் மீது கை வையுங்கள்.

ஈரப்பதமான கடலோரத் தளங்களில் காற்றுத் துளைகள் புகை கக்குவது போலிருக்கும். வெறும் மூடுபனிதான், வெப்பத்தைச் சற்று ஏற்றினால் போய்விடும். எண்ணெய் வாடை சேர்ந்து வந்தால் அது வேறு கதை: பேரிங் சீல் கசியக்கூடும், ஆக்ஸிஜன் மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு அந்தப் பேக்கை நிறுத்துங்கள்.

இரண்டு பேக்கையும் சேர்த்து நிறுத்தினால் கேபின் அழுத்தமும் போய்விடும். 28,000 அடியில் கேபினை 5,000 அடி உயரத்துக்கு நிகராக வைத்திருப்பதும் இதே காற்றுதான்.