18 நாள் குழந்தையின் படத்தைக் காட்டி எங்களை ஏமாற்றினார்கள்: தத்தெடுக்கக் காத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

2023 செப்டம்பரில் தொடங்கி ஐந்து வாரம் எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு குழந்தையின் படம் ஒட்டியிருந்தது. பச்சைப் பூப்போட்ட துண்டில் சுற்றிய பெண் குழந்தை, இடது கையில் கறுப்பு வளையல். என் மகனுக்கு அப்போது 7 வயது. பள்ளிக்குக் கிளம்பும்போது அந்தப் படத்திடம் "போயிட்டு வர்றேன் பாப்பா" என்று சொல்லிவிட்டுத்தான் ஷூ மாட்டுவான்.

அந்தக் குழந்தை எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அந்தப் படத்தைக் காட்டி எங்களிடம் 1,800 டாலரும் 5,50,000 ரூபாயும் வாங்கிக்கொண்டு ஒரு பெண் காணாமல் போனார். பணம் போனதை மட்டும் சொல்ல வேண்டுமென்றால் இதை எழுதியிருக்க மாட்டேன். இதே ஆள், இதே பேச்சோடு வேறு வீடுகளுக்கும் போயிருக்கிறார் என்று பிறகு தெரிந்தது. அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது நியூ ஜெர்சியில். இருவரும் அமெரிக்கக் குடிமக்கள், கையில் ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருக்கிறது. முதல் பிரசவத்தில் எனக்குச் சிக்கலாகிவிட்டது, அடுத்தது வேண்டாம் என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். ஒரு பெண் குழந்தையை இந்தியாவிலிருந்து தத்தெடுப்பது என்று முடிவு செய்து, முறைப்படி இங்கே ஓர் ஏஜென்சியில் பதிந்தோம். சமூகப் பணியாளர் வீட்டுக்கு வந்து பார்த்தார். புகை அலாரம் வேலை செய்கிறதா, மருந்து அலமாரிக்குப் பூட்டு இருக்கிறதா என்று பார்த்தார். எங்கள் இருவரிடமும் தனித்தனியாகப் பேசினார், மகனைத் தனியே உட்காரவைத்துப் பேசினார். வங்கிக் கணக்கு, மருத்துவச் சான்று, போலீஸ் சான்று, கைரேகை, 10 மணி நேரப் பயிற்சி எல்லாம் முடிந்து கோப்பு டெல்லியில் உள்ள காராவுக்குப் போனது. மத்தியத் தத்து வள ஆணையத்தை எல்லோரும் அப்படித்தான் சொல்கிறோம்.

அதன் பிறகு காத்திருப்புதான்.

இந்தக் காத்திருப்பை அனுபவிக்காதவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். வயிற்றில் பிள்ளை இருந்தால் மாதக் கணக்கு உண்டு, வளைகாப்பு உண்டு, "எத்தனை மாசம்?" என்று கேட்பவர்களுக்குப் பதில் உண்டு. எங்களுக்கு எதுவும் இல்லை. கைரேகை 15 மாதத்தில் காலாவதியாகும், மறுபடி கொடுக்க வேண்டும். என் கணவர் வேலை மாறினார், உடனே வீட்டு ஆய்வு அறிக்கையையும் திருத்த வேண்டி வந்தது. சின்ன அறைக்கு மஞ்சள் பூச்சு அடித்தோம், அதுவும் ஒரு வருடம் பழசாகிவிட்டது. கரூரிலிருந்து அத்தை ஒவ்வொரு ஞாயிறும் கூப்பிட்டு, "சேதி ஏதாச்சும் வந்துச்சா கண்ணு?" என்பார். தூளி கட்டுவதற்கென்று தன்னுடைய பழைய சுங்குடிச் சேலையைத் துவைத்து, மடித்து, அனுப்பியும் வைத்தார். அந்தச் சேலையை நான் அலமாரியின் மேல்தட்டில் வைத்தேன். கீழே வைத்தால் தினமும் கண்ணில் படும்.

நாங்கள் எப்படி அவ்வளவு சுலபமாக நம்பினோம் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில் மேலே இருப்பதுதான்.

அந்தப் பெண்ணை எங்களுக்கு அறிமுகம் செய்தவர் கோவில் பழக்கத்தில் தெரிந்தவர். அவரும் நல்ல மனதோடுதான் சொன்னார். தமிழ்நாட்டில் ஒரு "சேவை அமைப்பு" நடத்துவதாகச் சொன்ன அந்தப் பெண், முதல் அழைப்பிலேயே என்னைத் "தங்கச்சி" என்று கூப்பிட்டார். எங்கள் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். இரண்டு நாள் கழித்து, "உங்க சீனியாரிட்டி ரொம்பப் பின்னாடி இருக்கு தங்கச்சி. உள்ளூர்க்காரங்களுக்கும் என்ஆர்ஐக்கும் கொடுத்த பிறகுதான் உங்க வரிசை. இப்படியே இருந்தா பையன் காலேஜ் போயிடுவான்" என்றார். வரிசையைப் பற்றி அவர் சொன்னது உண்மை. அதனாலேயே அடுத்துச் சொன்னதையும் உண்மை என்று எடுத்துக்கொண்டோம்.

தருமபுரிப் பக்கம் ஒரு தாய், நான்காவதும் பெண்ணாகப் பிறந்ததால் கொடுக்க முன்வந்திருப்பதாகச் சொன்னார். "இது தொட்டில் குழந்தைத் திட்டம் மாதிரிதான், நாங்க நேரடியா செய்யறோம்" என்றார். வளர்க்க முடியாத பெண் குழந்தைகளை அரசுத் தொட்டிலில் விட்டுச் செல்ல 1992இல் சேலத்தில் அரசு தொடங்கிய அந்தத் திட்டத்தைப் பற்றி என் வயதுத் தமிழர்கள் எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். பெயரைக் கேட்டதுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அந்தத் தொட்டிலில் வந்த குழந்தையும் குழந்தைகள் நலக் குழு என்ற மாவட்ட அரசுக் குழு வழியாக, அதே காரா வரிசையில்தான் தத்துக்குப் போகும், தனியாள் யாரும் கையில் எடுத்துக் கொடுக்க முடியாது என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கோப்புச் செலவு என்று 1,800 டாலர் கேட்டார், அனுப்பினோம். மறுநாள் படம் வந்தது. "பொறந்து 18 நாள். ஆரோக்கியமா இருக்கா. உங்க மூக்கு மாதிரியே இருக்கு பாருங்க" என்று ஒரு குரல் பதிவும் கூடவே வந்தது. அதை எத்தனை முறை போட்டுக் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

அன்றிரவே படத்தை அச்செடுத்து ஒட்டியது நான்தான். மகனிடம் சொன்னதும் நான்தான். அவனே ஒரு பெயரும் வைத்தான், அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

பத்து நாளில் குழந்தைக்கு மஞ்சள் காமாலை, இன்குபேட்டரில் வைத்திருக்கிறோம் என்று 2,00,000 ரூபாய். பிறகு "தாய் வீட்டுக்காரங்களுக்குக் கொடுக்கணும், பத்திரம் எழுதணும்" என்று 3,50,000 ரூபாய். இரண்டாவது தொகையை வங்கியில் போட வேண்டாம், ரொக்கமாக வேண்டும் என்றார். என் மாமனார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். 74 வயதில் கரூரிலிருந்து பஸ் ஏறி, சேலம் புதிய பேருந்து நிலையத்துக்கு வெளியே ஒரு டீக்கடையில், பெயர் தெரியாத ஒரு பையனிடம் அந்தப் பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார். ரசீது கேட்டிருக்கிறார். "அம்மா அனுப்புவாங்க சார்" என்றானாம். போனில் எங்களிடம், "பேத்திக்குத்தானே, பரவாயில்லை" என்றார்.

இதற்கிடையே அந்தப் பெண் மூன்று விஷயம் சொன்னார். இந்த மூன்றில் எதைக் கேட்டாலும் நீங்கள் அப்போதே போனை வைத்துவிட வேண்டும்.

முதலாவது, ஏஜென்சியிடம் சொல்லாதீர்கள் என்றார். சொன்னால் பொறாமையில் கோப்பை நிறுத்திவிடுவார்களாம். நாங்களும் சமூகப் பணியாளர் கேட்டபோது "புதுசா ஒன்றுமில்லை" என்று சொன்னோம். இன்றுவரை அதை நினைத்தால் எனக்குக் கூசுகிறது.

இரண்டாவது, இந்து தத்தெடுப்புச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் போதும், காராவே தேவையில்லை என்றார். இதில்தான் படித்தவர்கள் நிறையப் பேர் விழுகிறார்கள், ஏனென்றால் பாதி உண்மை. 1956ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது, பத்திரம் பதிவதும் நடக்கிறது. "உங்களுக்குப் பையன்தானே, பொண்ணு எடுக்க அந்தச் சட்டத்துல தடையே இல்லை" என்று அவர் சொன்னதுகூடச் சரிதான். ஆனால் அதே சட்டத்தின் 17ஆம் பிரிவு, தத்துக்காகப் பணம் கொடுப்பதையும் வாங்குவதையும் குற்றம் என்கிறது. அந்தப் பத்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு குழந்தையை அமெரிக்காவுக்கு அழைத்து வரவும் முடியாது. இந்தியாவும் அமெரிக்காவும் நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான ஹேக் ஒப்பந்தத்தில் இருப்பவை. காராவின் தடையில்லாச் சான்று வேண்டும். தத்து முடிவதற்கு முன்பே இங்கே குடிவரவுத் துறை அந்தக் குழந்தையின் பெயரில் விண்ணப்பத்தைப் பார்த்து முதல்கட்ட ஒப்புதல் தந்திருக்க வேண்டும். முதலில் தத்து, பிறகு விசா என்று போனால் நம் கோப்பே கெட்டுவிடும்.

மூன்றாவது, "பத்திரமும் வேண்டாம்னா, பிறப்புச் சான்றிதழ்லயே உங்க ரெண்டு பேர் பேரையும் போட்டு வாங்கிடலாம்" என்றார்.

அதைக் கேட்ட இரவு என் கணவர் தூங்கவில்லை. 2019 ஏப்ரலில் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில், செவிலியர் உதவியாளராக இருந்த ஒரு பெண் குழந்தைகளை விலை பேசும் ஆடியோ வெளியாகி, கைதுகள் நடந்து, வழக்கு சிபிசிஐடிக்குப் போனது அவருக்கு நினைவு வந்திருக்கிறது. பிறப்புச் சான்றிதழ் ஏற்பாடு செய்யும் பேச்சு அதிலும் இருந்தது. எழுந்துபோய், தத்தெடுப்பு விதிகளும் அடங்கிய இளைஞர் நீதிச் சட்டத்தை முதலிலிருந்து படித்தார். விடியற்காலை என்னை எழுப்பி, ஒரு தாளில் நாள் கணக்குப் போட்டுக் காட்டினார்.

பெற்ற தாய் குழந்தையை ஒப்படைத்தால், மனம் மாறித் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு இரண்டு மாதம் அவகாசம் உண்டு. அது முடிந்த பிறகுதான் குழந்தைகள் நலக் குழு அந்தக் குழந்தையைத் தத்துக்குத் தகுதியானது என்று அறிவிக்கும். அறிவித்ததும் முதலில் இந்தியாவில் இருப்பவர்களுக்கும் இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் இருப்பவர்களுக்கும்தான் காட்டுவார்கள். அதற்கு 60 நாள். அங்கே யாரும் எடுக்காவிட்டால்தான் எங்களைப் போன்றவர்களுக்கு. ஆக, ஆரோக்கியமான ஒரு குழந்தை எங்கள் கண்ணில் படவே குறைந்தது நான்கு மாதம் ஆகியிருக்க வேண்டும். எங்கள் ஃப்ரிட்ஜில் இருந்த குழந்தைக்கு, படம் வந்த அன்று 18 நாள்.

"சட்டப்படி இந்தப் படம் நம்மகிட்ட வந்திருக்கவே முடியாது" என்றார். நான் அவரோடு சண்டை போட்டேன். படத்தை எடுக்க விடவில்லை. அந்தச் சண்டையில் நான் சொன்ன சில வார்த்தைகளுக்காக அவரிடம் பிறகு மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

குழந்தை எந்தத் தத்து மையத்தில் இருக்கிறது, அதன் பதிவு என்ன, குழந்தைகள் நலக் குழுவின் ஆணை எங்கே என்று காலையில் மூன்று கேள்வி எழுதி அந்தப் பெண்ணுக்கு அனுப்பினோம். "நம்பிக்கை இல்லாதவங்களுக்கு நான் குழந்தை தர மாட்டேன்" என்று ஒரே பதில். அதன் பிறகு அந்த எண்ணில் யாரும் எடுக்கவில்லை.

மகனிடம் சொல்ல எனக்கு நான்கு நாள் ஆனது. "பாப்பாவுக்கு நம்மளப் பிடிக்கலையாம்மா?" என்றுதான் முதலில் கேட்டான். இல்லை, பொய் சொன்னவர் பெரியவர், பாப்பா ஒன்றும் செய்யவில்லை என்றேன். ஆறு மாதம் அவன் தங்கச்சி பேச்சையே எடுக்கவில்லை. மாமனார் போனில் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். அந்தப் பையன் முகத்தைச் சரியாகப் பார்த்து வைக்கவில்லையே என்று அத்தையிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சமூகப் பணியாளரிடம் எல்லாவற்றையும் சொன்னோம். கோப்பு ரத்தாகும் என்றுதான் நினைத்துப் போனோம். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தத் தாயோடு வீடியோவில் பேசினீர்களா?" என்று கேட்டார். பேச ஏற்பாடாகி இருந்தது, பேசவில்லை. உரிய ஒப்புதல்கள் கிடைப்பதற்கு முன் பெற்றவர்களைத் தொடர்புகொள்வதை ஹேக் விதி தடுக்கிறது, அந்த ஒரு அழைப்பே எங்களைத் தகுதியிழக்கச் செய்திருக்கலாம் என்று அப்போதுதான் தெரிந்தது. நடந்தது முழுவதையும் அறிக்கையில் எழுதினார். காத்திருப்பு தொடர்கிறது.

காத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். குழந்தையைப் பற்றிய விவரம் காராவின் இணையதளம் வழியாக, உங்கள் ஏஜென்சிக்குத்தான் வரும். குழந்தை ஆய்வு அறிக்கை, மருத்துவ அறிக்கை இரண்டும் சேர்ந்தே வரும். வெளிநாட்டுத் தத்துக்கு இந்தியாவில் கட்ட வேண்டிய குழந்தைப் பராமரிப்புத் தொகை 5,000 டாலர், ரசீதோடு. 2022 செப்டம்பரிலிருந்து தத்து ஆணையைப் பிறப்பிப்பவர் மாவட்ட ஆட்சியர். இந்த வழியில் எந்த இடத்திலும் டீக்கடையில் ரொக்கம் கொடுக்கும் வேலை இல்லை. வரிசையில் உங்களை மேலே ஏற்ற ஒரு மனிதராலும் முடியாது. சந்தேகம் என்றால் காராவின் 1800 11 1311 எண்ணில் கேளுங்கள். முறை மீறித் தத்துக் கொடுப்பதும் எடுப்பதும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 80ஆம் பிரிவில் 3 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம், குழந்தையை விற்பதும் வாங்குவதும் 81ஆம் பிரிவில் 5 ஆண்டு வரை. "வாங்குவதும்" என்ற சொல் எங்களையும் சேர்த்துத்தான். பத்திரம் எழுதும் வரை போயிருந்தால் நாங்கள் ஏமாந்தவர்களாக இருந்திருக்க மாட்டோம்.

இந்தியாவில் இணைய மோசடிப் புகாருக்கான 1930 எண்ணிலும், இங்கே எஃப்பிஐயின் இணையக் குற்றப் பிரிவிலும் புகார் கொடுத்திருக்கிறோம். பணம் திரும்பவில்லை. எங்களைப் போல இன்னும் இரண்டு குடும்பம், ஒன்று டெக்சாஸ், ஒன்று கனடா, அதே படத்தை வாங்கியிருக்கிறார்கள். அவர்களுக்கும் 18 நாள் என்றுதான் சொல்லியிருக்கிறார், எட்டு மாத இடைவெளியில்.

படம் எங்கிருந்தோ திருடியதாக இருக்கலாம். நிஜமாகவே யாரோ ஒரு தாயிடமிருந்து எடுத்த குழந்தையாகவும் இருக்கலாம், பணம் அதிகம் கொடுத்தவர் வீட்டில் இன்று பொய்யான சான்றிதழோடு வளரலாம். அதுதான் இரவில் என்னை எழுப்புகிறது. பச்சைப் பூப்போட்ட துண்டு, இடது கையில் கறுப்பு வளையல், வலது காதின் ஓரத்தில் சின்ன மச்சம். இந்தப் படம் உங்கள் போனுக்கு வந்திருந்தால் அழித்துவிடாதீர்கள். அனுப்பிய எண், தேதி, குரல் பதிவு எல்லாவற்றையும் சேமித்து வைத்துக்கொண்டு புகார் கொடுங்கள். வெட்கப்பட்டு இருந்துவிடாதீர்கள், நாங்கள் அப்படி இருந்த மூன்று மாதத்தில்தான் கனடாக் குடும்பத்துக்குப் படம் போயிருக்கிறது.