தண்ணீர் புகாத சமையலறை மின்சாதனங்கள்: கோத்தகிரி ஈரத்தில் சில வருட அனுபவம்

அட்டைப்பெட்டியில் 'வாட்டர்ப்ரூஃப்' என்று போட்டிருக்கும் சமையலறைச் சாதனங்களை நம்பி வாங்கலாமா என்று மலைப்பக்கம் இருக்கிற உறவுக்காரர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். எங்கள் வீடு கோத்தகிரியில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில். வீட்டை ஒட்டி இரண்டு அறைகளை விருந்தினர்களுக்கு விடுவதால் சமையலறைக்கு ஓய்வே கிடையாது. கெட்டில், ஹேண்ட் பிளெண்டர், மிக்ஸி, கிரைண்டர், ரைஸ் குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு என்று எல்லாவற்றையும் பல மழைக்காலங்களில் வைத்துப் பார்த்தாகிவிட்டது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மேலே கொட்டுகிற தண்ணீரைவிட, காற்றோடு உள்ளே போய்த் தங்கிவிடுகிற ஈரம்தான் இந்த ஊரில் சாதனங்களை அதிகம் கெடுக்கிறது. ஒட்டி அடைத்த சாதனத்துக்குள் ஒருமுறை போன ஈரம் வெளியே வர வழியில்லாமல் அங்கேயே கிடக்கும்.

கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. அக்டோபர் பாதியில் பிடித்தால் டிசம்பர் வரை இழுக்கும். மழை விட்ட நேரத்திலும் மேகம் ஜன்னல் வழியாக உள்ளே வந்து உட்காரும். உப்பு ஜாடிக்குள்ளேயே கசியும், தீப்பெட்டி நமுத்துவிடும், அலமாரியில் இருக்கும் தோல் பையில் பூஞ்சணம் பூக்கும். வீட்டு மின்சாதனங்களுக்கான பாதுகாப்புத் தரத்தில் ஈரப்பதச் சோதனை ஒன்று உண்டு: 93 சதவீத ஈரப்பதமுள்ள அறையில் சாதனத்தை 48 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். எங்கள் சமையலறை நவம்பரில் வாரக்கணக்கில் கிட்டத்தட்ட அந்த நிலையில்தான் இருக்கிறது.

ஏமாற்றம் தந்ததை முதலில் சொல்கிறேன். சார்ஜ் போட்டு ஓட்டும் ஹேண்ட் பிளெண்டர் அது. ஐபிஎக்ஸ்7 என்று அச்சிட்டிருந்தது, அப்படியே தண்ணீரில் முக்கிக் கழுவலாம் என்றார்கள். வெளியே ஒரு ஸ்க்ரூகூடத் தெரியாது. உடம்பு முழுக்க ஒட்டி மூடியிருக்கும், பட்டன் மேல் சிலிக்கோன் தோல். பார்க்கவும் அழகு, கழுவவும் சுலபம். சூப், மோர், ரசத்துக்குத் தக்காளி என்று முதல் வருடம் அருமையாக ஓடியது. அடுத்த மழைக்காலத்தில் சார்ஜ் காட்டும் விளக்கின் கண்ணாடிக்கு உள்பக்கம் ஆவி படிய ஆரம்பித்தது. வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகவில்லை. கொஞ்ச நாளில் பட்டனைத் தொடாமலே ஓடியது, அப்புறம் தொட்டாலும் ஓடவில்லை.

ஐபிஎக்ஸ்7 என்றால் என்ன சோதனை என்பதைத் தெரிந்துகொண்டால் இது ஏன் நடந்தது என்று புரியும். 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் மூழ்கவைத்து, கெடுக்கும் அளவுக்குத் தண்ணீர் உள்ளே போகிறதா என்று பார்க்கிறார்கள். அந்தச் சோதனையில் தண்ணீரின் வெப்பநிலையும் சாதனத்தின் வெப்பநிலையும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசப்படக் கூடாது என்பதும் விதி. தண்ணீரும் வெறும் தண்ணீர்தான், சோப்பு கிடையாது. எங்கள் வீட்டில் நடப்பது வேறு. கொதிக்கிற சூப்பில் அடித்து முடித்து, மோட்டார் சூடாக இருக்கும்போதே டிசம்பர் மாதக் குழாய்த் தண்ணீரில் காட்டுகிறோம். கை விறைக்கிற தண்ணீர். உள்ளே அடைபட்ட காற்று 75 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு இறங்கினால் அதன் அழுத்தம் ஆறில் ஒரு பங்கு குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட, ரப்பர் வளையத்தில் தலைமுடி அளவு இடைவெளி கிடைத்தாலும் வெளியிலிருக்கும் ஈரக்காற்றை அது உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த முறை சூடாகும்போது காற்று வெளியேறும். உள்ளே குளிர்ந்து சொட்டாகிவிட்ட தண்ணீர் பெரும்பாலும் அங்கேயே தங்கிவிடும். இப்படித் தினமும் மூச்சு வாங்கி வாங்கித்தான் அந்தச் சாதனம் நனைந்திருக்கிறது.

மலைக்கே உரிய இன்னொரு சுமையும் இருக்கிறது. சமவெளியில் காற்றுப் புகாமல் மூடிய எதுவும் இங்கே வரும்போது வெளிக்காற்றின் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கும். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற உப்பிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதேபோல அந்த பிளெண்டரின் வளையமும் பட்டன் தோலும் பெட்டியைப் பிரிக்கும் முன்பே உள்ளிருந்து அழுத்தம் வாங்கியிருக்கும்.

கடைவீதியில் மிக்ஸி, அயர்ன் பாக்ஸ் எல்லாம் சரிபார்க்கும் அண்ணனிடம் கொண்டுபோனேன். ஸ்க்ரூ இல்லாததால் பிளேடு போட்டு அறுத்துத்தான் திறக்க முடிந்தது. உள்ளே போர்டில் பச்சை பூத்திருந்தது, பேரிங்கில் துரு. "அக்கா, இது தண்ணி பூந்து கெடல, வேர்த்துக் கெட்டிருக்கு. ஸ்க்ரூ வெச்சிருந்தாப் போன வருஷமே காய வெச்சுக் குடுத்திருப்பேன்" என்றார். அறுத்ததைத் திரும்ப ஒட்டினால் பழைய பிடிப்பு வராது என்பதால் அதோடு அது முடிந்தது.

இதற்குத் தீர்வு இல்லாமல் இல்லை. கார் முகப்பு விளக்குகளில் பல காலமாக ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள்: பிடிஎஃப்இ என்ற பொருளை இழுத்துச் செய்த, நுண்துளைகள் உள்ள மெல்லிய படலம். காற்றும் நீராவியும் அதில் போய்வரும், தண்ணீர்த் துளி நுழையாது. உள்ளேயும் வெளியேயும் அழுத்தம் சமமாகிவிடுவதால் ரப்பர் வளையத்துக்கு வேலை பாதியாகக் குறையும். கைப்பிடியின் ஓரத்தில் ஒரு சின்ன வட்டம், அவ்வளவுதான் இடம் பிடிக்கும். சமையலறைச் சாதனம் வடிவமைப்பவர்கள் இதை ஏன் எல்லாவற்றிலும் வைக்கக் கூடாது என்று எனக்கு உண்மையிலேயே ஆதங்கம்.

இப்போது மிக்ஸிக்கு வருகிறேன். மிக்ஸியை முழுசாக அடைக்கவே முடியாது. மோட்டாரைக் குளிர்விக்க அடியிலிருந்து காற்று போய்வந்தாக வேண்டும். ஜாரின் அடியில் பிளேடு சுற்றும் தண்டுக்காக ஓட்டையும் வேண்டும். அந்த ஓட்டையில் இருக்கும் புஷ்ஷும் வாஷரும் தேய்ந்தால் சட்னித் தண்ணீர், ஜாரை மோட்டாரோடு இணைக்கும் கப்ளர் இருக்கும் குழியில் சொட்டும். எங்கள் பழைய மிக்ஸியில் அந்தக் குழியிலிருந்து பின்பக்கமாகத் தண்ணீர் வழிய ஒரு சின்ன ஓடை வைத்திருக்கிறார்கள். தண்டைச் சுற்றி மேடாக ஒரு விளிம்பு, அதற்கு வெளியே சரிவு, சரிவின் முடிவில் துளை. கசிந்த தண்ணீர் மோட்டாரைத் தொடாமல் மேடை மேல் வந்துவிடும். மேடை ஈரமாகத் தெரிந்தால் வாஷர் மாற்ற வேண்டிய நேரம் என்று நமக்கும் தெரிந்துவிடும். புதிதாக வாங்கிய இன்னொரு மிக்ஸியில் வழவழவென்று அழகாக இருக்கட்டும் என்று அந்தத் துளையை எடுத்துவிட்டு, ரப்பர் மூடி ஒன்றைத் தண்டின் மேல் போட்டிருந்தார்கள். கசிவு வெளியே தெரியவே இல்லை. தெரிந்தபோது மோட்டாரின் கம்பிச்சுருளே போய்விட்டிருந்தது.

பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் 2011-ல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த விலையில்லா மிக்ஸி இன்னும் ஓடுகிறது. அதிலும் வழிந்தோடும் துளை இருக்கிறது. வாஷரும் கப்ளரும் எந்தக் கடையிலும் கிடைக்கின்றன. நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் உள்ளே இருப்பது எல்லாம் கைக்கு வந்துவிடும்.

கிரைண்டரைப் பற்றிச் சொல்லாமல் போனால் நியாயமில்லை. புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூர் வெட் கிரைண்டர்க்காரர்கள் இந்தச் சிக்கலை ரப்பரை நம்பாமல் தீர்த்திருக்கிறார்கள். கழற்றி எடுக்கிற டிரம்மின் நடுவில் ஒரு தண்டு மேலெழும்பி நிற்கும். மாவு மட்டத்துக்குக் கீழே ஓட்டையே கிடையாது. ஓட்டை இல்லாத இடத்தில் கசிவதற்கு எதுவும் இல்லை. மோட்டார் தனியாகக் கீழே இருக்கும், டிரம்மைத் தூக்கிக்கொண்டு போய்க் குழாயடியில் தாராளமாகக் கழுவலாம். (குளிரில் மாவு புளிக்காததற்கு மட்டும் எந்தக் கிரைண்டரும் உதவாது. அடுப்பு மேடை ஓரத்தில் போர்வை சுற்றித்தான் வைக்க வேண்டும்.)

எல்லாவற்றிலும் எனக்கு நிறைவாக இருந்தது, தாங்கியிலிருந்து தூக்கி எடுக்கிற சாதாரண ஸ்டீல் கெட்டில்தான். ஹீட்டர் காயில் தண்ணீருக்குள் இல்லை, அடித்தகட்டின் கீழே ஒட்டியிருக்கிறது. கெட்டிலையும் தாங்கியையும் இணைக்கும் இடத்தில் உலோகப் பட்டைகள் ஆழமாகப் பதிந்திருப்பதால் ஈரக்கை படாது. தாங்கியில் சிந்தினால் வடிய துளை உண்டு. இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒன்றிரண்டு டிகிரி குறைவு. 100 டிகிரி வந்தால்தான் நிற்பேன் என்கிற சாதனமாக இருந்தால் இங்கே நிற்கவே நிற்காது. கெட்டிலில் அந்தப் பிரச்சினை இல்லை. கொதிக்கும்போது கிளம்பும் ஆவி கைப்பிடி வழியாக இறங்கி, இரட்டை உலோகத் தகடு ஒன்றைச் சூடாக்கும். அது பட்டென்று வளைந்து விசையை நிறுத்தும். வேண்டியது ஆவி மட்டும்தான் என்பதால் எந்த உயரத்திலும் வேலை செய்கிறது. இது காற்றுப் புகாமல் அடைத்த சாதனம் இல்லை, தண்ணீரில் முக்கக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள். விருந்தினர் வெந்நீர் கேட்டுக்கொண்டே இருப்பதால் ஒரு நாளில் பலமுறை சூடாகி, உள்ளே போகிற ஈரம் தானாகக் காய்ந்துவிடுகிறது. கொதித்து முடிந்ததும் மூடியைத் திறந்து வைப்போம், ஆவிக்குழாயும் உலர்ந்துவிடும். எங்கள் ஊற்றுத் தண்ணீரில் உப்பு குறைவு என்பதால் வெள்ளைக் கறையும் படிவதில்லை.

சும்மா கிடந்தே கெடுகிற சாதனமும் உண்டு. கூட்டம் வந்தால் மட்டும் எடுக்கிற பெரிய ரைஸ் குக்கர் எங்களிடம் இருக்கிறது. மாதக்கணக்கில் பரணில் கிடந்துவிட்டு, மழைக்காலத்தில் எடுத்துப் போட்டவுடன் வீட்டு மின்சாரமே போய்விட்டது. மின்கசிவு தெரிந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கிற ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு விசை விழுந்திருந்தது. தூக்கிவிட்டால் மறுபடி விழுகிறது. வயரில் எங்கும் கோளாறு இல்லை. ஹீட்டர் குழாய்க்குள் நிக்ரோம் கம்பியைச் சுற்றி மெக்னீசியம் ஆக்சைடு தூளை இறுக்கி நிரப்பியிருப்பார்கள். அந்தத் தூள் மின்சாரத்தைத் தடுக்கும், வெப்பத்தைக் கடத்தும். ஆனால் ஈரத்தை நன்றாக உறிஞ்சும். குழாயின் இரண்டு முனைகளிலும் உள்ள அடைப்பு சரியில்லை என்றால் மலைக்காற்றின் ஈரம் மெல்ல உள்ளே போய், கம்பியிலிருந்து உடம்புக்கு மின்சாரம் கசியும். மின்கசிவுத் தடையை அளக்கும் மெகர் என்ற கருவியை வைத்துப் பார்த்தபோது, மெகா ஓம் கணக்கில் இருக்க வேண்டியது சில கிலோ ஓமுக்கு இறங்கியிருந்தது. 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி விழுவதற்கு அது போதும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வயரிங் பார்க்க வந்த ஒருவர், ஆர்சிசிபியைத் தாண்டி நேராக லைன் கொடுத்துவிடலாம் என்றார். முடியவே முடியாது என்று சொல்லிவிட்டேன். ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கிற சமையலறையில் உயிரைக் காப்பது அந்தச் சின்னப் பெட்டிதான். கடைவீதி அண்ணன் ஹீட்டரைக் கழற்றி, விறகு அடுப்பின் ஓரச்சூட்டில் சில நாள் வைத்துக் காயவைக்கச் சொன்னார். திரும்ப அளந்து, நன்றாக ஏறியிருப்பதைப் பார்த்த பிறகு, முனைகளைச் சூடு தாங்கும் சிலிக்கோனால் அடைத்துக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்தக் குக்கரைச் சும்மா விடுவதில்லை, வாராவாரம் ஒருமுறையாவது சோறு வடிக்கிறோம். தண்ணீர் வற்றி, பாத்திரத்தின் அடிச்சூடு 103 டிகிரி அளவைத் தாண்டினால் காந்தம் பிடியை விட்டுவிடும். அதுதான் குக்கர் நிற்கிற முறை. இங்கே சோறு 94 டிகிரியில் வேக வேண்டியிருப்பதால் தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி வைத்தால்தான் அரிசி வேகும் நேரம் கிடைக்கும்.

இண்டக்‌ஷன் அடுப்பில் மேல் கண்ணாடியைப் பற்றிக் கவலையில்லை. காற்றை இழுக்கும் விசிறி அடியில் இருக்கிறது, குக்கர் ஆவியையும் மேகத்தையும் சேர்த்து இழுக்கும். போர்டின் மேல் பாதுகாப்புப் பூச்சு உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள். பயன்படுத்தாத நாளில் மேடையை விட்டு உயரத்தில் வையுங்கள்.

வடிவமைப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், என் வேண்டுகோள் இதுதான். கோவையில் ஷவரில் காட்டிச் சோதிப்பதோடு நிறுத்தாதீர்கள். சூடாக்கி, குளிர்ந்த தண்ணீரில் போட்டு, மறுபடி சூடாக்கி, இதையே திரும்பத் திரும்பச் செய்து பாருங்கள். மூடும் இடத்தில் பசைக்குப் பதில் ஸ்க்ரூவும் மாற்றக்கூடிய வளையமும் வையுங்கள். எண்ணெய் பட்டால் ஊறிப் பெருக்கிற ரப்பரைச் சமையலறைக்கு அனுப்பாதீர்கள்.

பிளெண்டர் போன பிறகு வயர் உள்ளதாக ஒன்று வாங்கியிருக்கிறேன். கீழ்த்தண்டு மட்டும் கழன்று வரும், அதை மட்டும் கழுவுவோம், மோட்டார் பகுதியை ஈரத்துணியால் துடைப்பதோடு சரி. அடியில் இரண்டு ஸ்க்ரூ இருக்கிறது. இதுவரை உள்ளே ஆவி தெரியவில்லை. மாற்று வளையத்தின் அளவைப் பெட்டியிலேயே அச்சிட்டு, அதைத் தனியாகவும் விற்கிற சாதனம் ஒன்று கண்ணில் பட்டால் வாங்கி, ஒரு வடகிழக்குப் பருவத்தை முழுசாக ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.