மூடிய அமைப்பின் இணையதளத்தை எங்கே, எப்படி வைப்பது?

மதுரைப் பகுதியில் ஒரு சிறு அமைப்பு கலைக்கப்படும்போது, அலுவலகத்து பீரோவும் நாற்காலிகளும் யாருக்குப் போக வேண்டும், வங்கிக் கணக்கில் எஞ்சிய தொகையை என்ன செய்ய வேண்டும் என்றெல்லாம் நிர்வாகக் குழு கூடித் தீர்மானம் எழுதுகிறது. அமைப்பின் இணையதளத்தைப் பற்றி அந்தத் தீர்மானத்தில் பெரும்பாலும் ஒரு வரிகூட இருப்பதில்லை. டொமைனை, அதாவது தளத்தின் முகவரிப் பெயரை, புதுப்பிக்கச் சொல்லும் நினைவூட்டல்கள் யாரும் திறக்காத மின்னஞ்சல் பெட்டியில் குவிகின்றன; கெடு முடிந்ததும் தளம் மறைகிறது. கண்மாய்களுக்கு மடை எத்தனை, கலுங்கு எங்கே, வரத்துக்கால் எந்த ஊர் எல்லையில் அடைபட்டிருக்கிறது என்று ஊர் ஊராக நடந்து திரட்டிய விவரங்களும், வாசகர் வட்டங்களின் கூட்டக் குறிப்புகளும், 2021-இல் கொரோனா இரண்டாம் அலையின்போது தன்னார்வலர்கள் தொகுத்த படுக்கை, ஆக்சிஜன் பட்டியல்களும் இப்படித்தான் போய்விடுகின்றன.

அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2024-இல் வெளியிட்ட கணக்கின்படி, 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 விழுக்காடு பத்தாண்டுகளுக்குப் பிறகு திறக்கவில்லை. இன்னும் இயங்கிக்கொண்டிருக்கும் நிறுவனங்களின் பக்கங்களும் சேர்ந்த கணக்கு அது. கேட்பாரற்றுப்போன அமைப்புகளின் நிலை அதைவிட மோசமாக இருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆகவே, தளத்தைக் காப்பாற்றக் கைவசம் உள்ள வழிகளில் எது எவ்வளவு தாங்கும் என்பதை மூடும் முடிவை எடுத்த நாளிலேயே எடைபோட வேண்டியிருக்கிறது.

முதலில் எல்லோரும் சொல்வது, 'அதுதான் வேபேக் மெஷினில் இருக்குமே' என்பது. புரூஸ்டர் கேல் 1996-இல் சான்பிரான்சிஸ்கோவில் தொடங்கிய இன்டர்நெட் ஆர்க்கைவ், தான் சேமித்த பக்கங்களை 2001-இல் வேபேக் மெஷின் என்ற பெயரில் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. 2025 அக்டோபரில் அதன் சேமிப்பு ஒரு லட்சம் கோடிப் பக்கங்களைத் தொட்டது. காசு கேட்காமல் உலகத்துக்கே இந்தப் பணியைச் செய்துவரும் அந்த நிறுவனத்தின்மீது எனக்குள்ள மதிப்பு பெரிது. ஆயினும் அதை மட்டுமே நம்பிக் கடையைக் கட்டுவது தவறு என்பது என் உறுதியான கருத்து. ஒரு சிறிய தமிழ்த் தளத்தின் பெயரை அங்கே இட்டுப் பார்த்தால், முகப்புப் பக்கம் பல தேதிகளில் பதிவாகியிருக்கும். உள்ளே மூன்றாம் நான்காம் அடுக்கில் உள்ள பக்கங்களோ ஒரு முறை பதிவாகியிருக்கலாம், பதிவாகாமலும் இருக்கலாம். தேடல் பெட்டியில் சொல்லை இட்டால் மட்டுமே வெளிவரும் விவரங்களை அதன் தானியங்கி நிரல் எட்டுவதில்லை. ஒரே பக்கத்தின் எழுத்து ஒரு மாதத்திலும் அதிலுள்ள படம் வேறொரு மாதத்திலும் சேமிக்கப்பட்டு, இரண்டும் சேர்ந்து ஒரே நாளின் பக்கம்போலத் தோன்றுவதும் உண்டு.

அங்கே போய்ச் சேர முடியாத நாள்களும் வரலாம். 2017 ஆகஸ்டில், திரைப்படத் திருட்டு தொடர்பான வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின் விளைவாக, இந்தியாவில் அந்தக் காப்பகமே முடக்கப்பட்டது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகிப் பல நாள்கள் செயலிழந்து கிடந்தது. இரண்டு முறையும் மீண்டு வந்துவிட்டது என்பது நிறைவளிக்கிறது. ஆனால், நம் ஊர் விவரத்தின் ஒரே பிரதி அங்கே மட்டும் இருந்திருந்தால் அந்த நாள்களில் நம் கையில் ஒன்றும் இருந்திருக்காது. எனவே, வேபேக் மெஷினில் ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் நாமே இட்டுச் சேமிக்கச் சொல்ல வேண்டும். இலவசமான, இணையம் தெரிந்த எவரும் செய்யக்கூடிய அந்த வேலை இரண்டாம் பிரதியாக இருக்கட்டும்.

இதற்கு நேர் எதிரான வழி, தளத்தை அப்படியே இயங்கும் நிலையில் வைத்துக்கொண்டு, டொமைனுக்கும், தளத்தைத் தன் சர்வரில் வைத்திருக்கும் ஹோஸ்டிங் சேவைக்கும் ஆண்டுதோறும் பணம் கட்டிவருவது. பழைய உறுப்பினர்கள் பாசத்தால் இதைத்தான் முதலில் விரும்புகிறார்கள். நான் இதைக் கடைசியில் வைப்பேன். சிறு அமைப்புகளின் தளங்களில் பல, வேர்ட்பிரஸ் என்ற தளம் கட்டும் மென்பொருளில் அமைந்தவை. வேர்ட்பிரஸ் தளத்தில் வாசகர் ஒரு பக்கத்தைக் கேட்கும்போதெல்லாம் சர்வரில் உள்ள நிரல் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அப்பக்கத்தைக் கட்டித் தருகிறது. அந்த நிரலையும் செருகுநிரல்களையும் தொடர்ந்து புதுப்பிக்காவிட்டால் ஓட்டைகள் விழும். பராமரிக்க ஆளில்லாத தளத்தில் சூதாட்ட விளம்பரங்களும் தீங்கு நிரல்களும் வந்து குடியேறும். ஆளே இல்லாத அமைப்புக்கு ஆள் தேவைப்படும் ஏற்பாடு பொருந்தாது.

பக்கங்களைப் பிடிஎஃப் கோப்புகளாக மாற்றி வைப்பதும், திரைப்பிடிப்பு எடுத்து வைப்பதும் ஒன்றுமே செய்யாமலிருப்பதைவிட மேல். பத்துப் பக்கத் தளத்துக்கு அது போதும். அதற்கு மேல் போனால் இணைப்புகள் அறுந்து, எது எதனோடு சேர்ந்தது என்பதே தெரியாமல் போய்விடும்.

சரியான வழி, தளத்தை நிலையான பக்கங்களாக மாற்றி இறக்கிக்கொள்வதே. எச்டிடிராக் என்ற இலவச மென்பொருளிடம் முகவரியைக் கொடுத்தால், அது ஒரு பக்கத்திலிருந்து அடுத்ததற்கு இணைப்புகளைப் பின்தொடர்ந்து சென்று, படங்களோடு எல்லாவற்றையும் ஒரு கோப்புறையில் இறக்கி, இணைப்புகளையும் அந்தக் கோப்புறைக்குள்ளேயே சுட்டுமாறு திருத்தி வைக்கும். அதன் பிறகு தரவுத்தளமும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம். எந்தக் கணினியிலும் எந்த உலவியிலும் திறக்கும். சில நூறு பக்கங்களும் அளவான படங்களும் கொண்ட தளம் பெரும்பாலும் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். பென்டிரைவில் போட்டு உசிலம்பட்டியில் இருப்பவரிடம் கொடுத்தாலும் அவர் திறந்து படிக்க முடியும்.

தமிழ்த் தளங்களில் இங்கே இரண்டு சிக்கல்கள் எழும். வேர்ட்பிரஸ் கட்டுரைகளின் தலைப்பு தமிழில் இருந்தால் முகவரியும் தமிழிலேயே அமையும். 'மதுரை' என்ற சொல் ம, த, உகரக் குறி, ர, ஐகாரக் குறி என ஐந்து குறியீடுகளால் ஆனது. இணையத்தில் வழங்கும் யுடிஎஃப்-8 என்ற ஒருங்குறி (யூனிகோட்) வடிவில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்துகளாக விரியும். ஆக, அந்த ஒரு சொல்லுக்கே 45 எழுத்துகள் ஆகின்றன. இறக்கும் மென்பொருள் அந்த வடிவத்திலேயே கோப்புக்குப் பெயரிட்டால், கோப்புறைக்குள் கோப்புறையாகப் போகும் பக்கங்கள், வழக்கமான விண்டோஸ் அமைப்பில் பாதைக்குரிய 260 எழுத்து வரம்பைத் தாண்டிவிடும். நகலெடுக்கும்போது சில பக்கங்கள் விட்டுப்போகும். குறும்பெயர் கொண்ட கோப்புறையை டிரைவின் முதல் அடுக்கிலேயே வைப்பதும், முடிந்தால் இந்த வேலையை லினக்ஸ் கணினியில் செய்வதும் இதற்குத் தீர்வு.

மற்றொன்று எழுத்துரு. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமைந்த பல தளங்கள் பாமினி, திஸ்கி, டாப் போன்ற ஒருங்குறிக்கு முந்தைய எழுத்துரு முறைகளில் எழுதப்பட்டவை. பாமினியில் அடித்த 'மதுரை', அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கே, ஜே, ஐ, யூ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளாகவே தெரியும். பக்கத்தைச் சேமித்து எழுத்துருவை விட்டுவிட்டால், சேமித்தது ஆங்கில எழுத்துக் குவியல்தான். ஆகவே எழுத்துருக் கோப்பை உடன் வைக்க வேண்டும். அதோடு, உரையை ஒருங்குறிக்கு மாற்றிய தனிப் பிரதி ஒன்றும் வேண்டும். நம் ஊரின் பெயரைத் தாங்கி, 1998 பொங்கலன்று தன்னார்வலர்களால் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டத்தின் இலக்கிய மின்பதிப்புகள் இன்றும் படிக்கக் கிடைப்பதற்குக் காரணம், முதலில் இணைமதி, மயிலை எழுத்துருக்களில் இருந்தவற்றை அவர்கள் திஸ்கிக்கும், பிறகு ஒருங்குறிக்கும் சலியாமல் மாற்றிவந்ததுதான்.

நிலையான பக்கப் பிரதிக்கு உண்மையான போட்டி, நூலகங்களும் காப்பகங்களும் கையாளும் வார்க் கோப்பு முறை. 2009-இல் ஐஎஸ்ஓ 28500 என்ற எண்ணில் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட இம்முறை, உலவி என்ன கேட்டது, சர்வர் என்ன பதில் தந்தது, எந்த நாளில் எந்த நொடியில் தந்தது என்பதை மாற்றமின்றிப் பதிவு செய்கிறது. எச்டிடிராக் இணைப்புகளைத் திருத்திவிடுவதால் அது தருவது மூலத்தின் மாறிய வடிவம். வார்க் தருவது மூலமே. ஒரு கண்மாயின் பரப்பைப் பற்றிப் பின்னாளில் வழக்கோ தகராறோ எழுந்து, அந்த அமைப்பு இன்ன ஆண்டில் இன்னதைத்தான் வெளியிட்டிருந்தது என்று காட்ட நேர்ந்தால், வார்க் பிரதியே வலுவானது. வெப்ரெக்கார்டர் குழுவின் ஆர்க்கைவ்வெப்.பேஜ் என்ற உலவி நீட்சியைப் பொருத்திக்கொண்டு பக்கங்களை ஒவ்வொன்றாகத் திறந்தால், திறந்தவை எல்லாம் பதிவாகும். அழுத்தினால் விரியும் பட்டியல்களைக்கூடப் பிடித்துவிடலாம். குறை என்னவென்றால், அதைப் படிக்க அதற்கென ஒரு மென்பொருள் வேண்டும். கைப்பேசி மட்டும் வைத்திருக்கும் விவசாயிக்கு வார்க் கோப்பைக் கொடுத்துப் பயனில்லை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் நிலையான பக்கங்களை எடுங்கள் என்பேன், ஏனெனில் படிக்கப்படுவதற்காகத்தான் அந்த விவரங்கள் எழுதப்பட்டன. இரண்டும் முடியுமானால் இரண்டையும் ஒரே வாரத்தில் எடுத்துவிட வேண்டும்.

எடுத்த பிரதியை எங்கே வைப்பது என்பது அடுத்த போட்டி. கிட்ஹப் பேஜஸ் போன்ற சேவைகள் ஒரு ஜிபி வரையிலான நிலையான தளத்தை இலவசமாக வைத்துக்கொள்ளும். ஆனால் இலவச இடம் தரும் நிறுவனமும் ஒரு நாள் அந்தச் சேவையை மூடலாம். தமிழ்ப் பக்கங்கள் பலவும் குடியிருந்த ஜியோசிட்டிஸை யாஹூ 2009 அக்டோபரில் மூடியபோது, ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு ஓடியோடி இறக்கியதால்தான் அதில் ஒரு பகுதி பிழைத்தது. சமூக வலைத்தளங்களான ஆர்குட் 2014 செப்டம்பரிலும் கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் போயின. ஆண்டறிக்கைகளைச் செயலாளரின் சொந்த ஜிமெயில் டிரைவில் வைத்துத் தளத்தில் இணைப்பு மட்டும் தந்திருந்தால் ஆபத்து இன்னும் அருகில் இருக்கிறது: இரண்டு ஆண்டுகள் பயன்படுத்தாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்பது 2023 முதல் கூகுள் வகுத்துள்ள விதி. தளத்தை மட்டும் இறக்கிவிட்டு டிரைவில் இருந்ததை மறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். இணைப்பு இருந்தது, ஆவணம் இல்லை.

நிறுவனங்களிடம் ஒப்படைப்பதே நீண்ட காலத்துக்கு ஏற்றது. பிரிட்டனில் 2013-இன் விதிமுறைகள் இணையதளங்களைச் சேமிக்கும் உரிமையைச் சட்டப்படி நூலகங்களுக்குத் தந்துவிட்டன. நம் நாட்டில் வெளியீடுகளை நூலகங்களுக்கு அனுப்பச் சொல்லும் 1954-ஆம் ஆண்டுச் சட்டம் நூல்களையும், பின்னர் சேர்க்கப்பட்ட செய்தித்தாள்களையும் கருதி எழுதப்பட்டது. ஆகவே இங்கே நாமாகப் போய்க் கதவைத் தட்ட வேண்டும். 1901-இல் நிறுவப்பட்ட மதுரைத் தமிழ்ச் சங்கம் இருக்கும் ஊரில், 2023 ஜூலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகம் திறக்கப்பட்டிருக்கும் ஊரில், மூடிய அமைப்புகளின் தளப் பிரதிகளைப் பெற்றுக்கொள்ள ஒரு மேசையும் ஒரு பதிவேடும் ஏற்படுவது நியாயமான எதிர்பார்ப்பு. நூலகர்களும் வாசகர்களும் சேர்ந்து இதைக் கேட்டுப் பெற வேண்டும் என்று மனதார விரும்புகிறேன். ஒரே நூலகத்திலும் நிறுத்திவிடக் கூடாது. 2023 அக்டோபரில் பிரிட்டிஷ் நூலகம் இணையத் தாக்குதலுக்கு உள்ளானபோது, அந்நாட்டு இணையக் காப்பகமும் நீண்ட காலம் பயன்பாட்டில் இல்லாமல் போனது. ஒன்று மதுரையில், மற்றொன்று வெளியூரில் என இரு நிறுவனங்களில் வைப்பது நல்லது.

ஹோஸ்டிங்கை விட்டுவிடலாம், டொமைனை உடனே விடக்கூடாது. துண்டறிக்கைகளிலும் பிறர் எழுதிய கட்டுரைகளிலும் அந்தப் பெயர் அச்சாகியிருக்கும். கைவிட்ட பெயர்களை வாங்கிச் சூதாட்டத் தளம் நடத்துவோர் உண்டு. பெண்களுக்கோ நோயாளிகளுக்கோ உதவி எண் வெளியிட்டிருந்த சேவையின் பெயர் அப்படிப்பட்டவர் கைக்குப் போனால் நேரும் கேடு சிறிதல்ல. பத்து ஆண்டுகள் வரை ஒரே தடவையில் பதிவு செய்ய இடமிருக்கிறது. கலைக்கும் முன் எஞ்சிய நிதியிலிருந்து அதைக் கட்டி, நிலையான பிரதி இருக்கும் இடத்துக்கு அந்தப் பெயரைத் திருப்பிவிடும்படி தீர்மானத்திலேயே எழுதிவிடலாம்.

அதே தீர்மானத்தில் உரிமை பற்றியும் எழுத வேண்டும். அமைப்பு கலைந்தாலும் பதிப்புரிமை கலைவதில்லை. பெயருடன் வெளியான கட்டுரைக்கு எழுதியவரின் மறைவுக்குப் பின்னும் 60 ஆண்டுகள் உரிமை உண்டு. எல்லோரும் தொடர்பில் இருக்கும்போதே ஒரு பக்க இசைவுக் கடிதம் வாங்கிவிடுவது எளிது. பயனாளிகளின் கைப்பேசி எண்கள், குழந்தைகளின் படங்கள், நன்கொடையாளர் முகவரிகள் ஆகியவற்றைப் பொதுப் பிரதியிலிருந்து நீக்கிவிட வேண்டும். 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்காக மட்டுமல்ல, நம்மை நம்பித் தந்தவர்களுக்காகவும்.

பிரதி முழுமையானதா என்று பார்க்க ஒரு சோதனை போதும். பழைய தளம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே, வேறொரு கணினியில் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, பென்டிரைவிலிருந்து முகப்பைத் திறந்து, அமைப்பில் வேலை செய்யாத ஒருவரிடம் கொடுத்து உலவச் சொல்லுங்கள். யூடியூப் காணொளி இருந்த இடம் வெறுமையாகத் தெரியும், கூகுள் வரைபடம் சாம்பல் கட்டமாக நிற்கும், சில தலைப்புகள் ஆங்கில எழுத்துகளாக இருக்கும். அவர் சொல்லச் சொல்ல அவற்றை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, காணொளிகளை மூலக் கோப்பாகவும் வரைபடங்களைப் படமாகவும் தேடி எடுத்துச் சேருங்கள். ஹோஸ்டிங் கெடு முடிய இரண்டு மாதமாவது மிச்சம் இருக்கும்போது இதைத் தொடங்கினால்தான் விட்டுப்போனவற்றைப் பழைய சர்வரிலிருந்து மீண்டும் எடுக்க முடியும்.