உப்புக்காற்றில் சிஆர்டிஇ: பழைய எம்எம்540 ஜீப்புக்கு என்ஜின் மாற்றி ஓட்டிய அனுபவம்

பழைய ஃபோர் வீல் ஜீப்புக்குப் புது டீசல் என்ஜின் ஏற்றினால் நம் கடற்கரையில் தாங்குமா? இந்தக் கேள்வியை ராமேஸ்வரத்திலிருந்து சாயல்குடி வரை பலரும் கேட்டுவிட்டார்கள். என்ஜின் தாங்கும். அதைச் சுற்றி ஓடும் ஒயர், எர்த், ரேடியேட்டர் மூன்றுக்கும் எவ்வளவு செலவு செய்யத் தயார் என்பதைப் பொறுத்துத்தான் மீதி எல்லாம். மூக்கையூர், வாலிநோக்கம், முந்தல் என்று மீன் ஏலம் நடக்கிற கரைகளுக்கு ஐஸ் பெட்டியும் வலையும் ஏற்றிக்கொண்டு இந்த வண்டியைச் சில வருடங்களாக ஓட்டுகிறேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

வண்டி தொண்ணூறுகளில் வந்த மஹிந்திரா எம்எம்540. கூடவே வந்தது பெஜோ வடிவமைப்பில் செய்த எக்ஸ்டிபி 4.90 என்ஜின், 2112 சிசி, 62 குதிரைத்திறன். எளிமையான, நல்ல என்ஜின். பம்ப்பும் இன்ஜெக்டரும் ஒழுங்காக இருந்தால் ஒரு ஒயர்கூட இல்லாமல் ஓடும். ஆனால் டர்போ கிடையாது, இழுவை குறைவு. ஈர மணலில் பாரத்தோடு போகும்போது ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால்தான் நகரும். முறுக்கினால் சக்கரம் சுற்றிக் குழி தோண்டும். என்ஜின் தேய்ந்து ஆயில் குடிக்க ஆரம்பித்ததும், சிலிண்டரைப் போர் அடித்து மறுபடி கட்டுவதா, மாற்றுவதா என்ற நிலை வந்தது.

மாற்றியது 2010இல் வந்த மஹிந்திரா தார் ஜீப்பின் சிஆர்டிஇ (காமன் ரெயில் டீசல்) என்ஜின். 2498 சிசி, 105 குதிரைத்திறன், 1800 முதல் 2000 ஆர்பிஎம்முக்குள் 247 நியூட்டன் மீட்டர் இழுவிசை. பழையதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதே கம்பெனி, அதே டீசல் என்பதும் ஒரு காரணம். ஆர்டிஓ விஷயத்துக்குக் கீழே வருகிறேன்.

வேலை செய்தவர் கீழக்கரையில் பட்டறை வைத்திருக்கிற ஒரு காக்கா (அங்கே அண்ணன் முறையில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்). படகு என்ஜினும் பார்ப்பார், ஜீப்பும் பார்ப்பார். முதல் நாளே சொல்லிவிட்டார்: "தம்பி, என்ஜினை உக்கார வைக்கிறது பெரிய வேலை இல்ல. ஒயரிங்குக்கு என்னை அவசரப்படுத்தாம இருந்தீங்கன்னா வண்டியை எடுத்துக்கிறேன்." அவரிடம் வண்டியைக் கொடுத்ததற்கு அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

என்ஜினை மட்டும் தனியாக வாங்காதீர்கள். பழைய பாகங்கள் விற்கிற சென்னை புதுப்பேட்டையிலோ கோவை உக்கடத்திலோ வாங்கினாலும், என்ஜின், கியர்பாக்ஸ், ட்ரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரிக்கிற பெட்டி), முழு ஒயரிங், இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டர்), இம்மொபிலைசர், அதன் சாவி, ஆக்ஸிலரேட்டர் பெடல் எல்லாம் ஒரே வண்டியில் கழற்றியதாக இருக்க வேண்டும். இந்த என்ஜினுக்கு ஆக்ஸிலரேட்டர் கேபிள் கிடையாது. பெடலில் உள்ள சென்சார்தான் இசியுவுக்குத் தகவல் சொல்லும். இம்மொபிலைசர் சாவியை அடையாளம் காணாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றும், என்ஜின் எடுக்காது. ஒயரிங்கை வெட்டிக் கொடுத்தால் விலை குறைக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னால் அந்தப் பேரத்துக்குப் போகவே கூடாது. இன்னொன்று, முன் ஆக்சிலின் டிஃபரன்ஷியல் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கம் ட்ரான்ஸ்ஃபர் கேஸின் வாய் வரவேண்டும். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்து, டேப் வைத்து அளந்த பிறகு அட்வான்ஸ் கொடுங்கள்.

லேத் பட்டறை வேலைகள் எல்லோருக்கும் தெரிந்தவைதான். மவுண்டிங் புதிதாக அடித்தோம், இரண்டு ப்ரொபல்லர் ஷாஃப்டையும் நீளம் மாற்றிப் பேலன்ஸ் செய்தோம், முன் ஸ்பிரிங் பட்டையில் ஒரு இலை சேர்த்தோம், முன்னால் டிஸ்க் பிரேக்கும் வாக்யூம் பூஸ்டரும் போட்டோம். இவ்வளவு இழுவையை ஏற்றிவிட்டுப் பழைய டிரம் பிரேக்கோடு கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. மொத்தத்தில் என்ஜின் செட்டுக்குக் கொடுத்த பணத்தைப் போல இன்னொரு பங்கு வெளி வேலைக்குப் போனது. அந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டு இறங்குங்கள்.

மணலில் என்ன வித்தியாசம்? இதற்காகத்தான் மாற்றினேன், இதில் முழுத் திருப்தி. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறப்பதற்கு முன்பு, முகுந்தராயர் சத்திரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு மணலிலும் தண்ணீரிலும் வேன் ஓட்டிய டிரைவர்கள் இருந்தார்கள். அவர்கள் ஓட்டுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: தடத்தை விட்டு விலக மாட்டார்கள், திடீரென்று முறுக்க மாட்டார்கள், நடுவில் நிறுத்தவும் மாட்டார்கள். அந்த ஓட்டுமுறைக்கு ஏற்ற என்ஜின் இது. டயரில் காற்றை 18 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கி, லோ ரேஞ்சில் (வேகம் குறைத்து இழுவை கூட்டுகிற நிலை) இரண்டாவது அல்லது மூன்றாவது கியரில் போட்டு, 1800 ஆர்பிஎம்மில் விட்டால் முழு ஐஸ் பாரத்தோடும் சீராக ஏறிப் போகிறது. முன்பு தள்ளுவதற்கு ஆள் கூப்பிட்ட இடங்களில் இப்போது கூப்பிடுவதில்லை. ஆனால் 1500க்குக் கீழே டர்போ இன்னும் எழுந்திருக்காது. அங்கே பழைய பெஜோ என்ஜினின் உடனடிப் பதில் இதில் இல்லை. கிளட்சை அரைத்து அதைச் சமாளிக்க நினைத்தால் பிளேட் போய்விடும். கியரை ஒன்று குறைத்துக்கொள்வதே வழி.

ஒரு வேண்டுகோள். டிசம்பர் கழிந்து கோடை தொடங்கும் வரை இந்தக் கரைகளில் பங்குனி ஆமை முட்டையிட ஏறும். வனத்துறை முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் வைத்துக் காப்பாற்றுகிறது. வண்டி ஏறிவிட்டது என்ற சந்தோஷத்தில் மணல் மேட்டுப் பக்கம் போகாதீர்கள். ஏற்கெனவே இருக்கிற தடம் போதும்.

இனி உப்பு. பாம்பன் பாலத்தின் இரும்பை இந்தக் காற்று என்ன செய்தது என்று நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. சிஆர்டிஇ என்ஜினில் அது முதலில் கைவைக்கிற இடம் சென்சார்களுக்கு ஒயர் மாட்டுகிற பிளக்குகள். கிராங்க் சென்சார், கேம் சென்சார், ரெயில் பிரஷர் சென்சார், காற்று அளக்கும் சென்சார் எல்லாமே சில வோல்ட்டுக்குள் பேசுகிறவை. முந்தல் தாண்டி ஒரு நாள் எச்சரிக்கை விளக்கு எரிந்து வண்டி லிம்ப் மோடுக்குப் போய்விட்டது; எவ்வளவு மிதித்தாலும் வேகம் எடுக்கவில்லை. ஸ்கேனரில் ரெயில் பிரஷர் சென்சார் என்று வந்தது. புது சென்சார் வாங்கிவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். காக்கா பிளக்கை மட்டும் கழற்றி, டார்ச் அடித்துக் காட்டினார். மூன்று பின்னில் ஒன்றின் அடியில் பச்சைக் களிம்பு, கடுகளவுக்கு. ரப்பர் சீல் ஒரு ஓரத்தில் மடிந்திருந்தது, அதன் வழியாக ஈரம் இறங்கியிருக்கிறது. காண்டாக்ட் கிளீனர் அடித்து, சீலை மாற்றி, சிலிக்கான் கிரீஸ் வைத்து மாட்டினார். அந்த சென்சாரே இன்று வரை ஓடுகிறது.

அதற்குப் பிறகு எல்லாப் பிளக்குகளுக்கும் இதே வைத்தியம் செய்தோம். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை, மேற்கிலிருந்து அடிக்கிற கச்சான் காற்று ஓய்ந்ததும் ஒருமுறை கழற்றிப் பார்த்து மாட்டுகிறேன். எர்த்துக்கு வெள்ளீயம் பூசிய செம்பு ஒயர் போட்டிருக்கிறோம். வெறும் செம்பு இங்கே ஒயருக்குள்ளேயே கறுத்துப்போகும். பேட்டரியிலிருந்து என்ஜினுக்கு ஒன்று, சேஸிஸுக்கு ஒன்று, இசியுவுக்குத் தனியாக ஒன்று. இசியு டேஷ்போர்டுக்குள்ளே உயரத்தில் இருக்கிறது. பானட்டுக்குள் வைக்க நான் சம்மதிக்கவில்லை. ஜாயிண்ட் எல்லாம் ஈயம் வைத்து, உள்ளே பசை உள்ள சுருங்கும் ஸ்லீவ் போட்டு மூடியவை. கறுப்பு டேப் சுற்றி விடுகிற ஒயரிங் நம் ஊரில் ஒரு வருடம் தாண்டுவது கஷ்டம்.

ரேடியேட்டரைப் பற்றி. ஜீப்பின் மூக்கு குறுகல். அதற்குள் டர்போ காற்றைக் குளிர்விக்கிற இன்டர்கூலரும் பெரிய ரேடியேட்டரும் முன்னும் பின்னுமாக நிற்கின்றன. லோ ரேஞ்சில் மெதுவாக மணலில் போகும்போது எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் மட்டும்தான். ஃபேனைச் சுற்றித் தகடு வளையம் இல்லாமல் ஓட்டிய வரை சித்திரை வெயிலில் வெப்பமுள் ஏறிக்கொண்டே இருந்தது. வளையம் அடித்த பிறகு நடுவிலேயே நிற்கிறது. அதைவிட முக்கியம் ஊற்றுகிற தண்ணீர். நம் பக்கத்து போர் தண்ணீர் உவர்ப்பு. பழைய என்ஜினுக்கு அதை ஊற்றியே பல பேர் காலம் தள்ளினார்கள். இந்த என்ஜினின் ஹெட் அலுமினியம். உப்புத் தண்ணீர் உள்ளே போனால் உள்ளிருந்தே அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்ட்டும் பாதிப் பாதி, எப்போதும் ஒரு கேன் வண்டியிலேயே இருக்கட்டும். டிரைவருக்கும் சொல்லி வையுங்கள். வழியில் கொதித்துவிட்டால் பக்கத்து வீட்டுக் குடத்துத் தண்ணீரை ஊற்றத்தான் யாருக்கும் கை போகும்.

டீசலிலும் அப்படித்தான். காமன் ரெயில் பம்ப் டீசலை ஆயிரம் பார் அழுத்தத்துக்கு மேல் அழுத்துகிறது. அதற்குள் தண்ணீர் போனால் இன்ஜெக்டரும் பம்ப்பும் சேர்ந்து கெடும். கரையில் படகுக்கு வைத்திருக்கும் கேன் டீசலை அவசரத்துக்கு ஊற்றுகிற பழக்கம் பெஜோ என்ஜினோடு முடிந்தது. ஃபில்டருக்கு முன்னால் தண்ணீர் பிரிக்கிற கிண்ணம் ஒன்று போட்டிருக்கிறோம், வாரம் ஒருமுறை அடியில் திறந்து பார்ப்பேன். ஏர் ஃபில்டரைப் புத்தகத்தில் போட்டிருப்பதைவிடச் சீக்கிரம் மாற்றுங்கள். ஆடியில் பறக்கிற மணல் டர்போவுக்குப் போகக் கூடாது.

சேஸிஸுக்கு ரப்பர் அண்டர் கோட்டிங் அடிப்பதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். ஓரிடத்தில் உரிந்தால் போதும், அதற்குள் உப்பு ஈரம் தங்கி, வெளியே தெரியாமல் துரு தின்னும். மெழுகு வகைப் பூச்சு அடித்து வருடா வருடம் புதுப்பிக்கிறேன். கரைக்குப் போய் வந்ததும் நல்ல தண்ணீரில் அடிப்பக்கத்தைக் கழுவ வேண்டும். நம் ஊரில் நல்ல தண்ணீருக்கு உள்ள கஷ்டம் எனக்குத் தெரியும். காவிரித் தண்ணீரைக் கொட்டச் சொல்லவில்லை. மழைத்தண்ணீர் பிடித்து வைத்த தொட்டி இருந்தால் இரண்டு குடம் போதும்.

மைலேஜ் சாலையில் பழையதைவிடக் கொஞ்சம் கூடியிருக்கிறது, மணலில் பெரிய மாற்றம் இல்லை. செலவை மிச்சம் பிடிக்க இந்த வேலையில் இறங்காதீர்கள். சத்தமும் அதிர்வும் நன்றாகக் குறைந்துவிட்டன. ராமநாதபுரம் போய் வந்தால் முன்பு போல முதுகு வலிப்பதில்லை. வீட்டில் எல்லோரும் ஏறுகிறார்கள் என்பதே பெரிய விஷயம்.

காகிதம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52இன்படி பதிவு அதிகாரியின் அனுமதி இல்லாமல் என்ஜினை மாற்ற முடியாது. கம்பெனி கொடுத்த அமைப்புக்கு விரோதமாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதனால் பட்டறைக்குப் போவதற்கு முன்பே ஆர்டிஓ அலுவலகத்துக்குப் போய், இந்த மாற்றத்துக்கு அனுமதி கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். கிடைக்காது என்றால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பழைய என்ஜினைக் கட்டி ஓட்டுங்கள். அதுவும் மரியாதையான முடிவுதான். என்ஜின் வாங்கிய ரசீதும் அது கழற்றப்பட்ட வண்டியின் ஆர்சி நகலும் கையில் இருக்க வேண்டும். திருட்டு என்ஜின் இல்லை என்பதற்கு வேறு ஆதாரம் கிடையாது. புது என்ஜின் நம்பர் ஆர்சியில் ஏறிய பிறகு இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தெரிவியுங்கள். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க நிற்கும்போது, சேஸிஸ் நம்பரோடு என்ஜின் நம்பரையும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

கிளட்ச் இப்போது கொஞ்சம் மேலே பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. ஏப்ரல் 15 முதல் தடைக்காலம் வருவதால் விசைப்படகுகள் நின்றுவிடும், எனக்கும் ஓட்டம் குறையும். அப்போது கியர்பாக்ஸை இறக்கி, பிளேட், பிரஷர் பிளேட், பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றி, இன்டர்கூலர் ஓஸ்களையும் புதிதாகப் போடப்போகிறோம்.