வாணவேடிக்கை படமெடுக்க இந்த வயர் ரிமோட் போதும்

வாணவேடிக்கையைப் படமெடுக்கணும் என்று ஆசைப்பட்டு லென்ஸ் தேடுகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, டிரைபாட் இருக்கிறதா, வயர் ரிமோட் இருக்கிறதா என்றுதான். நான் வைத்திருப்பது ரொம்ப எளிய ரகம். ஒரு முனையை கேமராவில் செருகவேண்டும், மறுமுனையில் கட்டைவிரலுக்கு அடக்கமாக ஒரு பட்டன், அதை அமுக்கினால் கேமராவைத் தொடாமலே படம் எடுக்கலாம். பேட்டரி கிடையாது, திரை கிடையாது.

இது எதற்கு என்றால், ஒரு வாணம் மாதிரி இன்னொன்று இருக்காது. கேமராவில் 4 செகண்ட் என்று வைத்துவிட்டு எடுத்தால் ஒரு படத்தில் பூ பாதிதான் விரிந்திருக்கும், அடுத்ததில் மூன்று வெடி ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து எல்லாம் வெளுத்துப் போயிருக்கும். பட்டனை அமுக்கியிருக்கும்வரை ஷட்டர் திறந்தே இருக்கும் பல்ப் மோடில் வைத்து, வாணம் சீறிக் கிளம்பும்போது அமுக்கி, மேலே விரிந்து கடைசிப் பொறி தொங்கி அணையும்போது கையை எடுத்தால் முழுப் பூவும் அப்படியே கிடைக்கும். கேமரா பட்டனையே விரலால் பிடித்துக்கொண்டிருந்தால் ஒளிக்கோடு நெளிந்துவிடும், டைமர் 2 செகண்ட் எண்ணி முடிப்பதற்குள் வாணமே போய்விடும்.

எவ்வளவு நேரம் அமுக்கினால் படம் வெளுக்குமோ என்ற பயம் வேண்டாம். பொறி நகர்ந்துகொண்டே இருப்பதால் கோட்டின் வெளிச்சத்தை முடிவுசெய்வது அபர்ச்சரும் (லென்ஸ் திறப்பின் அளவு) ஐஎஸ்ஓவும்தான் (கேமராவின் ஒளி உணர்திறன்), நேரம் கோட்டின் நீளத்தைத்தான் கூட்டும். ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 11 என்று தொடங்குங்கள். அபர்ச்சரை அதிகம் திறந்தால் ஸ்ட்ரான்ஷியம் தரும் சிவப்பும் பேரியம் தரும் பச்சையும் வெள்ளையாகிவிடும், செம்பு உப்பில் வரும் அந்த அருமையான நீலம் சுத்தமாகக் காணாமல் போகும்.

எனக்கு இதில் ரொம்பப் பிடித்தது பூட்டு. பட்டனை அமுக்கி முன்னால் தள்ளினால் ஷட்டர் திறந்தே நிற்கும். ஒரு கறுப்பு அட்டையை லென்ஸ் முன்னால் பிடித்துக்கொண்டு, வாணம் விரியும்போது மட்டும் விலக்கி, அணைந்ததும் மறைத்து, இப்படி மூன்று நான்கு பூக்களை ஒரே ஃப்ரேமில் சேர்க்கலாம். குறையும் அங்கேதான். பூட்டியிருக்கிறதா இல்லையா என்று இருட்டில் தெரிய ஒரு அடையாளமும் இல்லை. பூட்டு விழுந்தது தெரியாமல் ஒருமுறை நல்ல வெடிகள் எல்லாம் ஒரே படத்தில் குவிந்து வீணாகிவிட்டன. அப்புறம் அதன்மேல் ஒரு துண்டு டேப் ஒட்டினேன், இப்போது விரல் தடவினாலே தெரிகிறது.

வயர் தொங்கிக் காற்றில் ஆடி டிரைபாட் காலில் தட்டும், ரப்பர் பேண்டு போட்டுக் கட்டிவிடுங்கள். பட்டனைப் பாதி அமுக்கினாலே ஃபோகஸ் தேட ஆரம்பித்துவிடும், இருட்டில் அது எதையும் பிடிக்காது, அதனால் முதல் வாணத்திலேயே ஃபோகஸ் சரிபார்த்து மேனுவலுக்கு மாற்றிவிடவேண்டும். முதல் சில நிமிடங்கள் புகை சேராத நேரம், அதைத் தவறவிடக்கூடாது.

இன்னொன்று. ஒரு படம் எடுத்தபின் ரிமோட் வேலை செய்யவில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். பெரும்பாலும் அது ரிமோட்டின் தப்பு இல்லை. கேமராவில் லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன் (நீண்ட நேரப் படத்தில் விழும் புள்ளிகளை நீக்கும் வசதி) ஆனில் இருந்தால் 5 செகண்ட் படத்துக்குப் பின் இன்னொரு 5 செகண்ட் அது தனக்கே எடுத்துக்கொள்ளும். ஆஃப் செய்துவிடுங்கள். வாங்கும்போது உங்கள் மாடலின் துளைக்குப் பொருந்துமா என்று பாருங்கள், ஒரே கம்பெனி கேமராக்களுக்குள்ளேயே துளை வேறுபடும்.